தமிழுக்கு எண் மூன்றை அழுத்தவும்

படித்தவர், பதவியில் இருப்பவர், கழுத்தில் டை கட்டியவர் என்று யாராக இருந்தாலும் இரண்டே சொல்லில் ஊமையாக்கிவிடும் ஆற்றல் இந்த உலகத்தில் ஒரே ஒரு மனுஷிக்குத்தான் உண்டு. அவர் அர்த்தக்கா. அந்த இரண்டு சொல் இதுதான்: "அப்படின்னா என்னங்க?"

நான் ஏதோ கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் அவர் பக்கத்து நாற்காலியில் மூன்று வருஷம் உட்கார்ந்து பார்க்காதவர்கள். நான் உட்கார்ந்திருக்கிறேன்.

மைசூர் விஜயநகரில் ஒரு டயர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் எங்கள் ஆபீஸ். கிரிப்டோ நாணயங்களை வாங்கி விற்க ஆப் நடத்திய ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு அது. தலைமை அலுவலகம் பெங்களூரில். முதலாளிகள் எந்த நாட்டில் இருந்தார்கள் என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியாது. மைசூரில் வாடகை குறைவு, தென்னாட்டு பாஷை நான்குக்கும் ஆள் கிடைக்கும் என்று இங்கே போட்டிருந்தார்கள். நான் தமிழ் போனை எடுப்பவள். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழச்சி என்பதால் பாதி வாக்கியம் கன்னடத்தில் போய் முடியும். வாடிக்கையாளர்கள் பெருந்தன்மையாகப் பொறுத்துக்கொள்வார்கள். அர்த்தக்கா ஆப்பில் வரும் அறிவிப்புகளைத் தமிழில் எழுதுகிறவர்.

அவருடைய நிஜப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. கன்னடத்தில் "புரிந்ததா" என்று கேட்க "அர்த்த ஆய்த்தா" என்பார்கள். தனக்கு அர்த்தம் ஆகும்வரை எதிரே இருப்பவரை எழுந்திருக்கவிடாத பெண்மணிக்கு ஆபீஸ் வைத்த பெயர் அது. ஐம்பதை நெருங்கிய வயது. தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம்; பேச்சில் கொங்கு வாடை. கைப்பையில் மூன்று மூக்குக்கண்ணாடி வைத்திருப்பார். இங்கிலீஷ் படிக்க ஒன்று, தமிழ் எழுத ஒன்று, மேலாளர் பேசும்போது அவர் முகத்தைப் பார்க்க ஒன்று. மூன்றாவதை அவர் மாட்டிக்கொண்டால் மேலாளர் கிரீஷ் சாருக்குத் தண்ணீர் தாகம் எடுக்கும்.

அதற்கு முன்னால் நஞ்சன்கூட்டில் ஒரு பூச்சிமருந்துக் கம்பெனியில் லேபிளுக்குத் தமிழ் எழுதிக்கொண்டிருந்தார். அங்கே யாரோ "தேவைக்கேற்பத் தெளிக்கவும்" என்று எழுதி, அதை நம்பி ஒரு விவசாயி வாரத்துக்கு நாலு தடவை தெளித்து, கத்தரித் தோட்டம் முழுக்கக் கருகிப்போயிருக்கிறது. அந்தத் தோட்டத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம். அன்றிலிருந்து "தேவைக்கேற்ப" என்ற சொல்லை அவர் முன்னால் யாரும் உச்சரிக்கக் கூடாது. கேன்டீனில் சர்க்கரை டப்பாவின் மேல் அப்படி ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்துவிட்டு, "ரெண்டு கரண்டி" என்று எழுதி ஒட்டினார்.

அவர் சேர்ந்த புதிதில் எங்கள் ஆப்பின் தமிழ் ஏதோ மெஷின் செய்த தமிழாக இருந்தது. இன்டர்நெட்டோடு இணைந்தே இருக்கும் கணக்குப் பெட்டிக்கு ஒரு பெயர், இன்டர்நெட் தொடாமல் தனியாகப் பூட்டி வைத்த பெட்டிக்கு ஒரு பெயர் உண்டு. மெஷின் அவற்றைச் "சூடான பணப்பை", "குளிர்ந்த பணப்பை" என்று போட்டிருந்தது. சூடான பணப்பை வைத்திருந்தால் போன் வெடிக்குமா என்று கேட்டு ஈரோட்டிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற தாசில்தார் எனக்கு மூன்று முறை கூப்பிட்டார். ஒரு அம்மாள் போனைக் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் குளிர்ந்த பணப்பைக்கு மாறிவிடுமா என்று விசாரித்தார். அர்த்தக்கா ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு "வாசலோரப் பெட்டி", "உள்ளறைப் பெட்டி" என்று எழுதினார். அதற்குப் பிறகு தமிழில் ஒருவர்கூட அந்தச் சந்தேகம் கேட்கவில்லை.

எழுதியதை அவர் உடனே போட்டுவிட மாட்டார். கீழே டயர் கடையில் பஞ்சர் ஒட்டும் மாதப்பாவிடம் போய்ப் படித்துக் காட்டுவார். மாதப்பா கொள்ளேகால் பக்கத்து ஆள், வீட்டில் தமிழ் பேசுகிறவர், நாற்பது வயது, எங்கள் ஆப்பில் கணக்கு வைத்திருந்த நிஜமான வாடிக்கையாளர். அக்கா படித்து முடித்துவிட்டு, இதிலிருந்து உனக்கு என்ன தெரிந்தது என்று கேட்பார். மாதப்பா சொல்வது சரியாக இருந்தால்தான் அறிவிப்பு ஏறும். இல்லையென்றால் மேலே வந்து திருத்தி எழுதி, மறுபடி இரண்டு மாடி இறங்குவார். லாரி டயருக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கும் மனிதரிடம் அக்கா, சொன்ன விலை வந்தால் மட்டும் வாங்கும் "வரம்பு ஆணை" பற்றி விளக்கிக்கொண்டிருப்பதை அந்தத் தெருவில் பார்க்காதவர் கிடையாது.

"விரைவில்" என்ற சொல்லுக்காக ஒருமுறை ஆபீஸே அரைநாள் நின்றது. பெங்களூரிலிருந்து "விரைவில் சரிசெய்யப்படும்" என்று அறிவிப்பு வந்தது. விரைவில் என்றால் எத்தனை மணி என்று அக்கா கேட்டார். கிரீஷ் சார் பெங்களூரைக் கேட்டார். பெங்களூர் இன்னொரு பிரிவைக் கேட்டது. மத்தியானம் மூன்று மணிக்கு, எங்களுக்கே தெரியாது என்று பதில் வந்தது. அக்கா சந்தோஷமாக, "எப்போது சரியாகும் என்று எங்களுக்கே தெரியவில்லை" என்று எழுதிவிட்டுப் போனார். பெங்களூர் ஆபீஸில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஒவ்வொரு பாஷைக்காரரும் அவரவர் அறிவிப்பை அவரவரே நேராக ஆப்பில் ஏற்றுவதுதான் ஏற்பாடு. இந்த ஏற்பாட்டின் முழு ஆபத்தும் கம்பெனிக்கு அந்த வியாழக்கிழமைதான் தெரிந்தது.

அன்று காலை பத்து மணிக்கு முதல் அழைப்பு. பணத்தை எடுக்க முடியவில்லை என்றார் ஒருவர். அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும். கால் மணி நேரத்தில் நான்கு பாஷை போனும் விடாமல் அடிக்க ஆரம்பித்தன. எங்கள் திரையில் சொல்ல வேண்டிய வாசகம் வந்தது: முன்கூட்டியே திட்டமிட்ட பராமரிப்புப் பணி நடக்கிறது, பணம் எடுப்பது தற்காலிகமாக நிறுத்தப்பட்டிருக்கிறது, உங்கள் பணம் பத்திரமாக இருக்கிறது. நான் அதைப் பதினாலு பேருக்குப் படித்தேன். நல்ல குரலில், நிறுத்தி நிதானமாகப் படித்தேன்.

பதினைந்தாவது ஆள் தாளவாடியிலிருந்து பேசினார். பெயர் சுப்பிரமணி, முட்டைக்கோஸ் விவசாயி. பணம் எடுக்க முடியாது என்பது சரி, போடவாவது முடியுமா என்று கேட்டார். திரையில் பணம் போடும் கட்டம் பச்சையாகத்தான் இருந்தது. போடலாம் சார், அதெல்லாம் நன்றாக வேலை செய்கிறது என்றேன். நன்றி சொல்லிவிட்டு வைத்தார்.

அவர் வைத்த அதே நேரத்தில்தான் மலையாளப் போன்காரர் தன் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். கிரிப்டோவில் ஒரு விசேஷம், எந்த நாணயம் எங்கிருந்து எங்கே போகிறது என்பதை ஊரில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கம்பெனியின் வாசலோரப் பெட்டியிலிருந்து நாணயங்கள் யாரென்றே தெரியாத ஒரு முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தன. மூட்டை மூட்டையாக, நம் கண் முன்னாலேயே. தெலுங்குப் போன்காரி வாயைப் பொத்திக்கொண்டார். தண்ணீர் பிடிக்கப் போன ஒருவர் டம்ளர் நிரம்பித் தரையெல்லாம் வழிந்தும் குழாயை மூடவில்லை. எனக்குக் காதுக்குள் ஒரே இரைச்சல். அதில் "போடலாம் சார்" என்று என் குரலே திரும்பத் திரும்பக் கேட்டது.

அர்த்தக்கா மட்டும் இங்கிலீஷ் கண்ணாடியோடு அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தார். படித்து முடித்து, மூன்றாவது கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிரீஷ் சாரின் கண்ணாடி அறைக்குள் போனார். கதவு திறந்தே இருந்ததால் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"ஏனுங்க சார், முன்னாடியே திட்டம் போட்ட வேலைன்னு எழுதியிருக்குதுங்க. எப்பங்க திட்டம் போட்டாங்க?"

கிரீஷ் சார் நல்ல மனிதர். பாவம், வீட்டுக் கடன் உள்ளவர். சும்மா மொழிபெயர்த்துக் கொடுத்துவிடுங்கள் மேடம், ப்ளீஸ், என்று கன்னடத்தில் கெஞ்சினார்.

"பணம் பத்திரமா இருக்குதுன்னு போட்டிருக்கறாங்க. யாருங்க போய்ப் பார்த்தது?"

கிரீஷ் சார் எங்கள் பக்கம் ஒருமுறை பார்த்தார். அவர் முகம் சுண்ணாம்புபோல வெளுத்திருந்தது. குரலே இல்லாமல், "ஹோய்த்து மேடம்" என்றார். போய்விட்டது என்று அர்த்தம். அதற்கு மட்டும் அக்கா விளக்கம் கேட்கவில்லை.

திரும்பி வந்து, இங்கிலீஷில் இருந்ததை அப்படியே, ஒரு சொல் மாறாமல் தமிழில் எழுதினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவருமா என்று நினைத்தேன். அதை எடுத்துக்கொண்டு வழக்கம்போல் கீழே இறங்கினார். ஐந்து நிமிஷத்தில் திரும்பினார். இரண்டு மாடி ஏறிய மூச்சிரைப்பு வேறு, அதற்கு மேல் ஏதோ ஒன்று வேறு. உட்கார்ந்ததும் என்னிடம் சொன்னார். மாதப்பாவிடம் படித்துக் காட்டியிருக்கிறார். மாதப்பா புரிந்துகொண்டது இவ்வளவுதான்: ஏதோ ரிப்பேர் வேலை, நாளைக்குச் சரியாகிவிடும். இன்றைக்கு நம் ஆப்பில் விலை வேறு இறங்கிக் கிடக்கிறது, மத்தியானம் கொஞ்சம் பணம் போட்டு வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன் அக்கா, என்றாராம்.

தமிழ்க் கண்ணாடியை மாட்டினார். எழுதியிருந்ததை முழுக்க அழித்தார். வேறு நாலு வரி எழுதினார். அந்த நாலு வரி எனக்கு இன்றும் மனப்பாடம்.

"இன்று காலை எங்கள் வாசலோரப் பெட்டியை யாரோ உடைத்துவிட்டார்கள். எவ்வளவு போனது என்று எங்களுக்கு இன்னும் தெரியாது. உங்களால் பணம் எடுக்க முடியாததற்குக் காரணம் இதுதான், பராமரிப்பு அல்ல. நாங்கள் மறுபடி எழுதும்வரை புதிதாக யாரும் பணம் போடாதீர்கள்."

நான் படித்துவிட்டு, வேலை போய்விடும் அக்கா என்றேன்.

"போகுட்டும் கண்ணு. மாதப்பன் கம்பெனிய நம்பி பணம் போடல. நான் படிச்சுக் காட்டறத நம்பிப் போடறான்."

பொத்தானை அழுத்திவிட்டு, பையைத் திறந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்தார். மணி பன்னிரண்டு. அவர் தினமும் சாப்பிடும் நேரம்.

அடுத்த ஒரு மணி நேரத்தில் நடந்ததை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் நம்புவதில்லை. தமிழ் அறிவிப்பை யாரோ படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள். வடக்கே இருக்கும் வாடிக்கையாளர்கள் அதை மெஷினில் போட்டு அவரவர் பாஷைக்கு மாற்றிப் படித்தார்கள். இங்கிலீஷில் பராமரிப்பு என்கிறான், இந்தியில் பராமரிப்பு என்கிறான், தமிழில் மட்டும் திருட்டு என்கிறான் என்றால் எது உண்மையாக இருக்கும்? எங்கள் எண்ணுக்குக் கூப்பிட்டால் முதலில் ஒரு பதிவுக் குரல் வரும். இங்கிலீஷுக்கு ஒன்று, இந்திக்கு இரண்டு, தமிழுக்கு எண் மூன்றை அழுத்தவும். அன்று மத்தியானம் இந்தியா முழுக்க மூன்றை அழுத்தியது.

லூதியானாவிலிருந்து ஒருவர், ராஜ்கோட்டிலிருந்து ஒருவர், பாட்னாவிலிருந்து ஒரு பேராசிரியர். யாருக்கும் தமிழில் ஒரு சொல் தெரியாது. எனக்கு இந்தி, பஸ்ஸில் வழி கேட்கும் அளவுக்கு. ராஜ்கோட்காரர் "தமிழ் மேடம்?" என்று உறுதிப்படுத்திக்கொண்டு, பெட்டி உடைந்தது நிஜமா என்று கேட்டார். நிஜம் என்றேன். பணம் போடாதீர்கள் என்றேன். பக்கத்தில் கன்னடம், தெலுங்கு, மலையாளம் எழுதுகிற மூவரும் யாரும் சொல்லாமலே அக்காவின் நாலு வரியை அவரவர் பாஷையில் எழுதி ஏற்றிவிட்டார்கள். இரண்டு மணிக்குத் தென்னாட்டு பாஷை நான்கும் ஒன்று சொன்னது, இங்கிலீஷ் வேறொன்று சொன்னது.

மூன்று மணிக்குப் பெங்களூரிலிருந்து போன். கிரீஷ் சார் அதை எல்லோரும் கேட்கும்படி மேஜையில் வைத்தார். அந்தப் பக்கம் பேசியவர் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. தமிழ் அறிவிப்பு ஒரு மொழிபெயர்ப்புப் பிழை என்று கம்பெனி அறிக்கை விடப்போகிறது, அதில் மொழிபெயர்ப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும், போட்டால் வேறு நடவடிக்கை இருக்காது என்றார். அக்காவுக்கு இங்கிலீஷ் நன்றாகவே பேச வரும். ஆனாலும் தமிழில்தான் பதில் சொன்னார்.

"தமிழ்ல தப்பு ஒண்ணும் இல்லீங்க. தப்பு இங்கிலீஷ்லதான் இருக்குதுங்க. அதைத் திருத்திட்டா ரெண்டும் ஒண்ணாயிரும்."

பெங்களூர் புரியாமல், என்ன சொல்கிறார் என்று கிரீஷ் சாரைக் கேட்டது. பன்னிரண்டு வருஷ அனுபவத்தில் யாரையும் எதிர்த்து ஒரு மின்னஞ்சல்கூட எழுதாத மனிதர், கண்ணை மூடிக்கொண்டு, அக்கா சொன்னதை ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொன்னார்.

ஐந்து மணிக்கு இங்கிலீஷ் அறிவிப்பு மாறியது. பணம் போடும் கட்டம் சிவப்பானது. மறுநாள் பத்திரிகைகளில், சம்பவம் நடந்த சில மணி நேரத்திலேயே வாடிக்கையாளர்களிடம் ஒளிவுமறைவில்லாமல் உண்மையைச் சொன்ன முதல் நிறுவனம் நாங்கள்தான் என்று முதலாளி பேட்டி கொடுத்திருந்தார். அக்கா அதை இரண்டு கண்ணாடியிலும் படித்துப் பார்த்தார்.

அவரை உடனே வேலையை விட்டு எடுக்கவும் முடியவில்லை. எடுத்தால் அதுவும் செய்தியாகிவிடும். ஆகவே அடுத்தடுத்து வந்த அதிர்ச்சிகளுக்கெல்லாம் தமிழ் எழுதும் பொறுப்பு அவர் தலையிலேயே விழுந்தது. நாலாவது நாள் கம்பெனி ஒரு கடிதம் வெளியிட்டது. வாடிக்கையாளர்களுக்கு இல்லை, திருடனுக்கு. "மதிப்பிற்குரிய நண்பரே" என்று ஆரம்பித்தது. தங்கள் தொழில்நுட்பத் திறமையை நாங்கள் மதிக்கிறோம், எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு பங்கை வெகுமதியாகத் தாங்களே வைத்துக்கொள்ளலாம், வழக்குப் போட மாட்டோம், தங்கள் பதிலுக்கு எப்போதும் காத்திருக்கிறோம் என்று போனது. இந்தத் தொழிலில் இது சாதாரண வழக்கம்தான் என்றார்கள். அர்த்தக்கா வாயடைத்துப்போய் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மூன்று கண்ணாடியையும் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வெறுங்கண்ணால் எங்களைப் பார்த்தார். பிறகு, திருடனுக்குத் தமிழ் தெரியுமா என்று கிரீஷ் சாரைக் கேட்டார். தெரிந்தாலும் தெரிந்திருக்கலாம், எதற்கும் எழுதி வைத்துவிடுங்கள் என்றார் அவர்.

எழுதினார். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. எழுதி முடித்துவிட்டு, நாங்கள் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் பதிலையும் எடுத்துப் பார்த்தார். "உங்கள் புகார் எண் பதிவாகியுள்ளது, மீண்டும் தொடர்புகொள்ள வேண்டாம்" என்று இருந்தது அது. அதை அழித்துவிட்டு, "மதிப்பிற்குரிய நண்பரே, தங்கள் பொறுமையை நாங்கள் மதிக்கிறோம்" என்று மாற்றினார். திருடனுக்குக் கிடைத்த மரியாதை அந்த மாதம் தமிழ் வாடிக்கையாளர்களுக்கும் கிடைத்தது. திருடன் கடைசிவரை பதில் போடவில்லை. வாடிக்கையாளர்கள் போட்டார்கள்.

அடுத்தது குடும்ப அறிக்கை. நாம் எல்லோரும் ஒரே குடும்பம், ஆகவே போன நஷ்டத்தை எல்லாரும் சமமாகப் பகிர்ந்துகொள்வோம் என்று வந்தது. பெட்டி உடைந்தபோது யார் நாணயம் போனது, யாருடையது போகவில்லை என்று பார்க்காமல் எல்லோர் கணக்கிலும் ஒரு பகுதியைப் பூட்டிவிட்டார்கள். அக்கா கேட்டது ஒரே கேள்வி, லாபம் வந்த வருஷங்களில் குடும்பத்துக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று. தமிழ் அறிவிப்பில் குடும்பம் என்ற சொல் இல்லாமல், பூட்டிய விஷயம் மட்டும் இருந்தது. மாதப்பாவுக்கும் கொஞ்சம் பூட்டினார்கள். அன்று மத்தியானம் போட இருந்தது மட்டும் தப்பியது. அவர் அக்காவுக்கு நன்றியெல்லாம் சொல்லவில்லை. அக்கா ஸ்கூட்டர் வாங்கினால் அதற்கு ஆயுள் முழுக்கப் பஞ்சர் இலவசம் என்றார். அக்காவுக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது.

இரண்டு மாதத்தில் மைசூர் ஆபீஸை மூடினார்கள். எல்லோருக்கும் ஒரே நாளில் இங்கிலீஷில் ஒரு கடிதம். காவலாளிக்கும், கூட்டிப் பெருக்கும் லட்சுமம்மாவுக்கும்கூட இங்கிலீஷில்தான். லட்சுமம்மா அது சம்பள உயர்வு என்று நினைத்து எல்லோருக்கும் பேடா வாங்கிவரக் கிளம்பினார். அக்கா அவரை உட்கார வைத்து, அந்தக் கடிதத்தைக் கன்னடத்தில் மெதுவாகப் படித்துச் சொன்னார். காவலாளிக்கும் சொன்னார். பிறகு தன்னுடையதையும் எடுத்து, எங்களுக்குத் தமிழில் படித்தார். "உங்களை அனுப்பிவிடுகிறோம். நீங்கள் வேலையில் குறை வைக்கவில்லை. குறை எங்களுடையது." இங்கிலீஷில் அப்படி இல்லவே இல்லை. அவர் மூன்று வருஷத்தில் செய்த ஒரே தவறான மொழிபெயர்ப்பு அதுதான். லட்சுமம்மா அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ரொம்ப நாள் கழித்து வாடிக்கையாளர்களுக்குப் பூட்டிய பணத்தில் ஒரு பகுதி துண்டு துண்டாகத் திரும்பியது. மீதி இன்னும் வருகிறது என்கிறார்கள். அக்கா இப்போது கொள்ளேகாலில் ஒரு ஆஸ்பத்திரியில், டாக்டர்கள் எழுதித் தரும் குறிப்புகளை நோயாளிகளுக்குப் புரியும்படி எழுதித் தருகிறார். அங்கே டாக்டர்கள் அவரைப் பார்த்தால் லிஃப்டை விட்டுவிட்டு மாடிப்படி வழியாகப் போகிறார்களாம்.

ஆபீஸ் மூடிய மறுவாரம்தான் நான் அவரிடம் தாளவாடி சுப்பிரமணியைப் பற்றிச் சொன்னேன். இரண்டு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை. நான் போடலாம் என்று சொன்ன பத்தாவது நிமிஷம் அவர் பணம் போட்டிருந்தார், தமிழ் அறிவிப்பு ஏறுவதற்கு முன்பே. அவர் பெயர் புகார்ப் பட்டியலில் வரும்போதெல்லாம் நான் அடுத்த புகாருக்குத் தாவிவிடுவேன். அக்கா திட்டவில்லை. இது போனில் சொல்லும் விஷயம் இல்லை, நேரில் போகலாம் என்று மட்டும் சொன்னார். சுப்பிரமணிக்குப் போன் செய்து வரலாமா என்று கேட்டோம். என்ன ஏது என்று கேட்காமல் வழி சொன்னார்.

சாமராஜநகர் போய், அங்கிருந்து தாளவாடி பஸ் பிடித்து, இறங்கி ஒரு மைல் நடந்தோம். முட்டைக்கோஸ் வயலுக்கு நடுவே வீடு. அவருடைய மனைவி எங்கள் கைப்பைகளைப் பார்த்துவிட்டு, இன்னும் எதை விற்க வந்திருக்கிறீர்கள் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார். சுப்பிரமணி வயலிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். என் அப்பா வயசு இருக்கும். வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு மறந்துபோனது.

"நான்தான் சார் அன்னைக்குப் போடலாம்னு சொன்னது. எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்காம சொல்லியிருக்கக் கூடாது."

அவர் என் முகத்தையும் அக்காவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது கோபமில்லை, திகைப்பு.

"இதச் சொல்லவா மைசூர்ல இருந்து வந்தீங்க?"

அவ்வளவுதான் கேட்டார். உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தார். பணம் திரும்ப வருமா என்று அவருடைய மனைவி கேட்டபோது, தெரியாதுங்க என்றார் அக்கா. அதன்பின் மத்தியானம் முழுக்கத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கம்பெனியின் இங்கிலீஷ் காகிதங்களை அவர்கள் இருவருக்கும் ஒவ்வொரு வரியாகச் சொல்லி, என்னென்ன மனு எங்கெங்கே கொடுக்கலாம் என்று எழுதியும் கொடுத்தார். கிளம்பும்போது அந்த அம்மாள் இரண்டு சாக்கு முட்டைக்கோஸைத் தூக்கி வந்து வைத்தார். வேண்டாம் என்றதற்குப் பழைய கோபம் திரும்பிவிடும்போல் இருந்தது. வாங்கிக்கொண்டோம்.

சாமராஜநகரிலிருந்து மைசூர் பஸ்ஸில் முட்டைக்கோஸ் மூட்டைகள் எங்கள் காலடியில், அக்கா சன்னலோரம். நஞ்சன்கூடு தாண்டுவதற்குள் அவர் தூங்கிப்போனார். தலை என் தோளில் சாய்ந்தது. வாயை லேசாகத் திறந்துகொண்டு, முகத்தில் ஒரு கண்ணாடியும் இல்லாமல். என் கை மரத்துப்போயும் நான் அசையவில்லை. பொழுது சாயும் நேரத்தில் மைசூர் பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். கண்டக்டர் எங்கள் பக்கம் வந்து வாயைத் திறந்தார். நான் உதட்டில் விரலை வைத்து, இன்னும் இரண்டு நிமிஷம் என்று ஜாடை காட்டினேன்.